காகம் மாதிரிக் கிடக்கு

செப். 14, ஞாயிறு

காலையிலிருந்து மழை. டோர்ட்மண்டுக்கு வேறென்ன தெரியும். இரண்டு மெஷின் உடுப்புத் தோய்த்தாயிற்று, காயப்போடத்தான் இடமில்லை. சமையல்: சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. இவருக்குக் கத்தரிக்காய் பிடிக்காது. தெரிந்துதான் வைத்தேன், நேற்று ரிமோட்டை ஒளித்ததற்கு.

எழுத வந்தது இதையல்ல. லியோனியும் மட்டிஸும் திரும்ப வந்துவிட்டார்கள்!!

எங்கள் ஊர் ஐஸ் அரங்கில் சோடியாகச் சறுக்கிப் பழகிற பிள்ளைகள். போன குளிர்காலம் லியோனி விழுந்து முழங்கால் போய், ஒரு சீசன் முழுக்க ஐஸில் இல்லை. இனி வரமாட்டாள் என்றே கதை. இன்று சீசனின் முதல் சின்னப் போட்டி, கணினியில் நேரலை. நான் கதிரையில் இருந்து பார்க்கவில்லை, கதிரைக்குப் பின்னால் நின்று அதைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

இவர் வந்து எட்டிப் பார்த்தார். "உதென்ன, ஒருத்தரும் பாயேல்லையே?"

"இது ஐஸ் டான்ஸ். இதிலை பாயிறேல்லை."

"பிறகேன் சறுக்கினம்?"

ஒவ்வொரு செப்டம்பரும் இதே கேள்வி. ஒவ்வொரு செப்டம்பரும் நான் விளக்குகிறேன்: இது ட்விசில், ஒற்றைக் காலில் பம்பரம் மாதிரிச் சுழன்றுகொண்டே அரங்கைக் கடக்க வேண்டும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒராள் கொஞ்சம் பிந்தினாலும் போச்சு. இது லிஃப்ட், தூக்கி வைத்திருக்கிற நேரம் கூடினால் ஒரு புள்ளி வெட்டு. தலையாட்டிவிட்டுப் போய்க் கால்பந்து போட்டார்.

ட்விசில் சுத்தம். லிஃப்ட் சுத்தம். கறுப்புச் சட்டை, அசையும்போது நீலம் அடிக்குது. என்ன வடிவு அந்தப் பிள்ளை!

எழுதிவிட்டு இப்போது பயமாக இருக்கிறது. கடைசி வரியை வெட்டவா?

(வெட்டவில்லை. ஆனால் கண் படாமலிருக்க மேசையின் மரத்தைத் தொட்டேன்.)

செப். 15, திங்கள்

மழை விட்டது. நான் வேலை செய்கிற கடையில் கூட்டம். காதுக்கருவி சரிபார்க்க வந்த ஒரு கிழவர்: "கருவியில் பிழை இல்லை அம்மா. இப்போ மனைவி சொல்வதெல்லாம் கேட்கிறது, அதுதான் பிரச்சினை." சத்தத்தைக் குறைத்துக் கொடுத்தேன்.

மத்தியானம் ஃபோனைத் திறந்தால் எங்கள் ரசிகர் குழு கொந்தளிக்குது. "உலகத் தரம்!" "பதக்கம் நிச்சயம்!" "இந்த நாட்டில் இதைவிட நல்ல ட்விசில் நான் கண்டதில்லை!" ஹைகேயும்தான். ஹைகே ட்ராம் ஓட்டி ஓய்வுபெற்றவள், கண்டபடி ஒன்றையும் புகழாதவள், அவளே எழுதியிருக்கிறாள்: "இவளுக்கு இனி ஒன்றும் ஆகாது."

ஒன்றும் ஆகாதாம்! அப்படியா சொல்வது, முழங்கால் தைத்த பிள்ளையைப் பார்த்து? வெள்ளி, சனி தெற்கே பெரிய போட்டி. இத்தனை பேர் புகழ்ந்த நாவூறும் கண்ணேறும் சேர்ந்து அந்தப் பிள்ளையின் காலில்தான் இறங்கும்.

சரி, என்ன செய்யலாம். செத்தல் மிளகாய் மூன்று, கொஞ்சம் உப்பு. லியோனியின் படத்தை ஃபோனில் பெரிதாக்கி, மூன்று தரம் சுற்றி, சட்டியில் போட்டேன். புகை அலாரம் கத்தத் தொடங்கியது. மேல்வீட்டு நாயும் சேர்ந்து கத்தியது. இவர் இருமிக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன, வீட்டைக் கொளுத்துறீரோ?"

"நாவூறு கழிக்கிறன்."

"ஆருக்கு?"

"லியோனிக்கு."

யன்னலைத் திறந்துவிட்டு, கூட்டுகிற தும்புத்தடியின் காம்பால் அலாரத்தை அமத்தினார். நல்ல மனுசன், சில நேரம்.

மிளகாய் பாதிதான் எரிந்தது. ஆகவே இரண்டாவது வழி. மகள் துளசி பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்த எங்கள் சனம் முழுக்கத் தொட்டிலை எட்டிப் பார்த்து "உதென்ன, எலிக்குஞ்சு மாதிரி" என்றுதான் சொன்னது. ஒருத்தரும் வடிவு என்று வாய் திறக்கவில்லை. பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வரவில்லை. ஜெர்மன் நர்ஸுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னதுதான் என் பிழை, பாவம், அவ அழுதே போனா.

இந்த முறை கவனம். ஜெர்மனில் எழுதவில்லை. லியோனி போட்ட படத்துக்குக் கீழே, அங்கேயும் வழிந்த புகழ்ச்சி எல்லாவற்றுக்கும் நடுவில், தமிழில் எழுதினேன்:

"உதென்ன வடிவு? காகம் மாதிரிக் கிடக்கு. காலும் சரியில்லை, கையும் சரியில்லை."

ஒருத்தருக்கும் விளங்காது, நாவூறுக்கு மட்டும் விளங்கும். மனம் ஆறியது. ரோல்ஸ் சுற்றி ஃப்ரீஸரில் வைத்தேன். வியாழன் போட்டிக்கு ஹைகேயின் காரில் பயணம், அவள் கோப்பி, நான் ரோல்ஸ். எத்தனையோ வருடமாக அதே ஒழுங்கு.

செப். 16, செவ்வாய்

வெயில். இவ்வளவு நல்லாயிருந்தால் கேடுதான்.

வேலைக்குப் போகிற வழியில் துளசி பீலெஃபெல்டிலிருந்து அழைத்தாள். பத்து மணிக்கு முன் எழும்பாத பிள்ளை.

"அம்மா, நீங்கள் லியோனியின்ரை பக்கத்திலை என்ன எழுதினனீங்கள்?"

"தமிழிலை எழுதினனான். ஒருத்தருக்கும் விளங்காது."

"அம்மா. கீழை 'மொழிபெயர்' எண்டு ஒரு பொத்தான் இருக்கு."

எனக்குத் தெரியாது. சத்தியமாக எனக்குத் தெரியாது. அவள் ஜெர்மனில் வந்ததை வாசித்தாள். திருப்பித் தமிழில் எழுதினால் இப்படி:

"இதுவா அழகு? காகத்தைப் போல விழுந்து கிடக்கிறாள். அவளுடைய கால் சரியில்லை. கையும் சரியில்லை."

விழுந்து கிடக்கிறாளாம்! நான் எங்கே விழ வைத்தேன்? நாங்கள் எல்லாவற்றுக்கும்தானே கிடக்கு என்கிறோம். பசிக்கிற மாதிரிக் கிடக்கு, மழை வாற மாதிரிக் கிடக்கு, மேசையில் சாவி கிடக்கு. அந்த மெஷினுக்கு யாழ்ப்பாணத் தமிழ் தெரியாது. அது பிள்ளையைத் தூக்கி ஐஸில் கிடத்திவிட்டது. அதுவும் உண்மையாகவே விழுந்து ஒரு சீசன் முழுக்கப் படுத்த பிள்ளையை.

கீழே ஒரே வசை. "வெட்கம்!" "யார் இந்தப் பெண்?" "முழங்கால் அறுவைசிகிச்சை செய்தவளிடம் இப்படியா?" நடுவில் லியோனி ஒரேயொரு சொல் எழுதியிருந்தாள்: "சரி."

அந்தச் "சரி"யைப் பார்த்ததும் ட்ராமில் நின்றபடியே அழுதேன். ஒரு பெடியன் எழும்பி இடம் தந்தான். அவ்வளவு வயதாகத் தெரிகிறேனா என்று அதுக்கும் சேர்த்து அழுதேன்.

அழித்துவிட்டேன். அழித்தது இன்னும் பிழையாம், ஏற்கெனவே படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டார்கள். ஹைகே ஃபோன் எடுக்கவில்லை.

செப். 17, புதன்

மூட்டம். நித்திரை இல்லை.

குழுவில் ஜெர்மனில் நீளமாக விளக்கினேன். எங்கள் ஊர் வழக்கம், அதிகம் புகழ்ந்தால் கெட்ட கண் படும், அதனால்தான் நான் அப்படி எழுதினேன் என்று. நல்லாத்தான் எழுதினேன் என்று நினைத்தேன். வந்த முதல் பதில்: "அவளுக்குக் கெட்ட கண் போட்டதாக இவளே ஒத்துக்கொள்கிறாள்!!!"

இப்போது நான் சூனியக்காரி.

பின்னேரம் ஹைகேயிடமிருந்து ஒரு செய்தி. "ராகினி, நான் தனியாகப் போகிறேன். அந்தப் பிள்ளை நேற்றுப் பயிற்சியில் தூக்க விடவில்லையாம். உன்னோடு இப்போது என்னால் பேச முடியாது."

தூக்க விடவில்லை. பயந்துவிட்டாள். பயப்பட வைத்தது நான். இருக்கிற நாவூறு போதாதென்று ஒரு நாவூறை நானே செய்துவிட்டேன். பதக்கம் கிடக்கட்டும், அந்தப் பிள்ளை வெள்ளிக்கிழமை ஐஸில் கால் வைக்கப் பயப்படக் கூடாது. அதுதான் எனக்கு வேணும். வேறொன்றும் வேண்டாம்.

இவர் சாப்பாட்டு மேசையில்: "அப்ப போறேல்லையோ?"

"என்னெண்டு போறது? ஹைகே வராதை எண்டு சொல்லிப்போட்டாள்."

"ரயில் ஓடுதுதானே. நானும் வாறன். கிடங்கிலை லீவு கிடக்கு."

"நீங்களோ? பாயாத சறுக்கல் பாக்கவோ?"

"ரோல்ஸை ஆர் தின்னுறது?"

செப். 18, வியாழன்

ரயில் மூன்று, பிந்தினது இரண்டு. ரோல்ஸ் கார்ல்ஸ்ரூவுக்கு முதலே முடிந்தது. தெற்கே போகப் போக மாடுகள். இவர் ஒவ்வொரு மாட்டுக்கும் கருத்துச் சொன்னார். மலையடிவாரத்து ஊர், சின்ன ஹோட்டல், கட்டில் கிறீச்சிடுது.

லியோனிக்குக் கடிதம் எழுதலாமா? வேண்டாம். நான் எழுதினது போதும்.

செப். 19, வெள்ளி. ரிதம் டான்ஸ் (போட்டியின் முதல் பாதி)

வெளியே அருமையான வெயில், உள்ளே ஐஸ் குளிரில் விறைப்பு. இவர் போட்டிருந்தது: என் சால்வை, தன் ஜாக்கெட், ஹோட்டல் துவாய்.

எங்கள் வழக்கமான வாங்கு வரிசையில் ஹைகேயும் மற்றவர்களும். லியோனியின் பேர் போட்ட பதாகை எங்கே கட்டியிருக்கு என்று பார்த்தேன், L எழுத்து நான் தைத்தது. நாங்கள் மறுகரையில், இத்தாலிக்காரருக்கு நடுவில். அவர்கள் தங்கள் சோடி ஐஸுக்கு வரமுன்பே அழத் தொடங்கிவிட்டார்கள், எனக்கு அது பிடித்திருந்தது.

சுற்றிலும் சீசன் தொடக்கத்துக் கதை. "செப்டம்பர் புள்ளி ஒன்றுக்கும் உதவாது." "அந்தக் கையுறை ஏன்?" "பாட்டை மாத்துவினம், பாருங்கோ." (கடைசியாகச் சொன்னது இவர். அரை மணித்தியாலத்தில் நிபுணர்.)

எங்கள் சோடி ஐஸுக்கு வந்தது. ஹைகே எழும்பி, ட்ராம் மணி மாதிரியான அந்தக் குரலில் கத்தினாள்: "ஹால்ஸ் உண்ட் பைன்புருக்!" முழு வாங்கும் சேர்ந்து கத்தியது.

இவர் துவாயை விலக்கினார். "என்னவாம்?"

"கழுத்தும் காலும் முறியட்டுமாம்."

"ஆருக்கு?!"

"லியோனிக்குத்தான். அது வாழ்த்து. நல்லாச் செய் எண்டு அர்த்தம்."

இவர் என்னைப் பார்த்தார், ஹைகேயைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். துவாயைக் கழுத்தில் இறுக்கிச் சுற்றினார். அது ஆபத்தான அடையாளம்.

ஆட்டம். மட்டிஸ் சிரிக்கிறான், லியோனி சிரிக்கவில்லை. ட்விசிலில் இரண்டாவது சுற்றில் கால் கீழே வைத்துவிட்டாள். லிஃப்ட் பாதி உயரத்தில் நின்றது. ஆறாவது இடம். ஐஸை விட்டு வெளியே வரும்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

திரும்பினால் பக்கத்தில் இவர் இல்லை. கோப்பிக் கடை வரிசையில், துவாயோடு, கையில் கோப்பியோடு நின்ற ஹைகேக்கு முன்னால் நிற்கிறார்! இவருடைய ஜெர்மன், வேலை செய்கிற சாமான் கிடங்கில் பழகின ஜெர்மன், வினைச்சொல் எல்லாம் கட்டளைதான். ஓடினேன். பிந்திவிட்டேன்.

"நீ பிள்ளைக்குக் கால் முறி சொல். கழுத்து முறி சொல். எல்லாரும் கை தட்டு. என் மனைவி காகம் சொல். எல்லாரும் கோபம். ஏன்? காகத்துக்குக் கால் முறியவில்லை!"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அது... அது கெட்டது நடக்காமலிருக்கச் சொல்வது," என்றாள்.

"ஓம்!" என்றார் இவர், தமிழில். "ஓம், ஓம்! அதுதானே!"

ஹைகே என்னைப் பார்த்தாள். "ராகினி... காகமும் அதுதானா?"

"அதேதான். 'இவளுக்கு இனி ஒன்றும் ஆகாது' என்று நீ எழுதினதைப் பார்த்துத்தான் பயந்தேன்."

முகம் சிவந்தது. பிறகு சிரிக்கத் தொடங்கினாள். கோப்பி ஊத்துண்ணச் சிரித்தாள், எனக்கும் சிரிப்பு, எனக்கு அழுகையும். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நான் எழுதினேன், ஆனால் கெட்டது அண்டாமல் மரத்தில் தட்டவில்லை," என்றாள். "முட்டாள் நான். தட்டவே இல்லை."

ஹைகே எனக்கும் ஒரு கோப்பி வாங்கினாள். இவர் இரண்டு பேருடைய கோப்பியையும் குடித்தார்.

செப். 20, சனி. ஃப்ரீ டான்ஸ் (இரண்டாம் பாதி)

மலையில் பனிமூட்டம், பிறகு நீலம். இன்று அவசரமாகத்தான் எழுதுகிறேன்.

இந்தச் செப்டம்பர் போட்டிகளில் ஒரு நல்லது: ஆடுகிற பிள்ளைகள் நாங்கள் இருக்கிற வாங்கிலேயே வந்து இருப்பார்கள், டப்பாவில் நூடுல்ஸ் சாப்பிடுவார்கள். காலையில் லியோனி தனியாக மேல் வரிசையில். ஹைகே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"இவள்தான் காகம்," என்றாள். அறிமுகம் செய்கிற விதம்!

பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. கிட்டத்தில் எவ்வளவு சின்னப் பிள்ளை, மூக்கு நுனியில் பரு. நான் தயார் செய்துவைத்த வசனமெல்லாம் பறந்துவிட்டது. "மன்னித்துக்கொள்," என்றேன். "நான் விழுந்து கிடக்கிறாய் என்று எழுதவில்லை. எங்கள் ஊரில் கிடக்கு என்றால் இருக்கு. அவ்வளவுதான். நீ அவ்வளவு வடி..." வாயைப் பொத்திக்கொண்டேன்.

"என்ன சொல்ல வந்தீர்கள்?"

"சொல்ல மாட்டேன், சொன்னால் கண் படும். போட்டி முடியட்டும்."

முதல் தரம் சிரித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எல்லாரும் உலகத் தரம் என்று எழுதினபோது நான் ஒன்றையும் நம்பவில்லை. உங்களுடையதை மட்டும் நம்பினேன். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் இன்னும் விழுந்துதான் கிடக்கிறேன் என்று."

கையைப் பிடித்துக்கொண்டேன். ஐஸ் மாதிரிக் குளிர்.

"அப்படியென்றால் உங்கள் ஊரில் கண் பட்டதற்கு மருந்து என்ன?" என்று கேட்டாள். மிளகாய் பற்றிச் சொன்னேன். அரங்கில் அலாரம் அடிக்கும் என்றாள். "சின்ன மருந்து இல்லையா?"

இருக்கே. கறுத்த பொட்டு. கன்னத்தில் வைத்தால் நடுவர்களுக்குத் தெரியும், ஆகவே காதுக்குப் பின்னால், அவளுடைய கண் மை பென்சிலாலேயே வைத்தேன். பென்சில் முனை மொட்டை, பொட்டு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. படியேறி வந்த மட்டிஸ் இதைப் பார்த்துவிட்டுத் தன் காதையும் மடக்கிக் காட்டினான். அவனுக்கும் வைத்தேன். ஹைகேக்கும் வேணுமாம். பிறகு ஹைகேயின் வாங்கு முழுக்க வரிசை. அந்த "வெட்கம்!" எழுதின மனுசியும் காதை மடக்கிக்கொண்டு நின்றா, அவவுக்குக் கொஞ்சம் அழுத்தித்தான் வைத்தேன். பென்சில் முடிந்துபோனது.

பின்னேரம். பழைய வாங்கு, பழைய இடம், L எழுத்துக்கு மேலே. கறுப்புச் சட்டை நீலம் அடித்தது.

ஹைகே: "கழுத்தும் காலும் முறியட்டும்!"

இவர், எழும்பி நின்று, தமிழில்: "சீ, காகம்!!"

லியோனி ஐஸின் நடுவிலிருந்து நிமிர்ந்து பார்த்து, காதுக்குப் பின்னால் ஒரு விரலை வைத்தாள்.

பிறகு வயலின். ஆட்டத்தை எழுத எனக்குச் சொல் போதாது. ட்விசிலில் இரண்டு பேரும் ஒரு ஆள் போல. கடைசி லிஃப்டில் அவனுடைய தொடையில் ஒற்றைக் காலில், தைத்த அதே காலில், எழும்பி நின்றாள். கையை விரித்தாள். இறங்க மனமில்லாமல் நின்றாள். "இறங்கு, இறங்கு, நேரம்!" என்று ஹைகே கத்த, "நிக்கட்டும், விடுங்கோ!" என்று இவர் கத்த, நான் ஒன்றும் கத்தவில்லை, அழுதேன்.

நேரம் கூடிவிட்டது, ஒரு புள்ளி வெட்டு. மொத்தத்தில் நான்காவது. அந்தப் புள்ளி இருந்திருந்தால் மூன்றாவது. லியோனி திரையைப் பார்த்துச் சிரிக்கிறாள், துள்ளுகிறாள், மட்டிஸ் தலையில் கை வைத்துக்கொண்டு இருக்கிறான்.

வாங்கில் ஆளுக்கொரு நியாயம். "அந்த ஒரு புள்ளி அநியாயம்." "பயிற்றுவிப்பாளரைச் சொல்ல வேணும்." இவர் எல்லாரையும் பார்த்து அமைதியாகச் சொன்னார்: "செப்டம்பர் புள்ளி ஒண்டுக்கும் உதவாது."

செப். 21, ஞாயிறு

வெயில், காரில் யன்னல் திறந்து. ஹைகே ஓட்டுகிறாள், இவர் பின் இருக்கையில், ஐந்து நிமிடத்துக்கொரு மாடு. ரோல்ஸ் இல்லாததால் பெற்றோல் நிலையத்து சாண்ட்விச். அடுத்த போட்டி எப்போது என்று இவர் கேட்டார், நான் கேட்காதது மாதிரி இருந்தேன், கொஞ்ச நேரம் ஏங்கட்டும்.

கையில் ஃபோன். லியோனி நேற்றைய லிஃப்ட் படத்தைப் போட்டிருக்கிறாள். கீழே தமிழ்! மெஷினில் போட்டு எடுத்த தமிழ், இஸ்திரி போட்ட மாதிரி:

"அன்புள்ள ராகினி அம்மையாருக்கு. காகம் இப்போது விழுந்து கிடக்கவில்லை. காகம் நிற்கிறது."

மூன்று தரம் வாசித்தேன். நான்காம் தரம் கண்ணாடி நனைந்துவிட்டது. வடிவு என்று எழுத விரல் துடிக்குது. ஆனால் சீசன் இப்போதுதானே தொடங்குது, நவம்பர் வரைக்கும் போட்டி இருக்கு. நல்லா யோசித்து, கவனமாகத் தமிழில் பதில் எழுதினேன்:

"ஏதோ, நிக்கிற மாதிரித்தான் கிடக்கு."

அனுப்பினேன். அடுத்த பெற்றோல் நிலையத்தில் ஹைகே தன் ஃபோனைப் பார்த்தாள். பொத்தானை அமத்தினாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"ராகினி. 'நிற்பது போல விழுந்து கிடக்கிறாள்' என்றால் என்ன?"